பெடலில் இருந்த கால்

கீழே படுத்திருந்தவன் செத்துப்போனான். மேலே உட்கார்ந்திருந்த ஆள் யார்?

இந்த ஒரு கேள்விக்குச் சாயங்காலத்துக்குள் பதில் கிடைக்காவிட்டால், இன்ஸ்பெக்டர் வந்து செத்தவனின் மனைவியை அழைத்துக்கொண்டு போய்விடுவார். அதை அவர் மறைக்கவும் இல்லை. போனிலேயே சொல்லிவிட்டார்: "வக்கீலம்மா, உங்க மேல இருக்கிற மரியாதைக்காகத்தான் இவ்வளவு நேரம். அதுக்கு மேல என் கையில இல்ல."

வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போவதை விட்டுப் பல வருஷம் ஆயிற்று. துப்பறிவதுதான் இப்போது தொழில். ஆனாலும் அந்தப் பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அவருடைய உதவியாளனுக்கும் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஊர் உலகத்துக்கு அவன் கோந்து. ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டான் என்பதால் வந்த பட்டம் என்று அவன் சொல்லிக்கொள்வான். சாப்பாட்டு நேரத்தில் எந்த வீட்டிலும் ஒட்டிக்கொள்வான் என்பதால் வந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

அந்தக் கோந்து இப்போது ஷெட்டின் சிமெண்ட் தரையில், பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கம் அடியில் மல்லாந்து கிடந்தான். போலீஸ்காரர்கள் வண்டியைத் தூக்கி இரும்புத் தாங்கிகளின் மேல் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். வக்கீலம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். புடவையை முழங்கால் வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைப் பிரேக் பெடலின் மேல் வைத்திருந்தார்.

"அமுக்குங்க வக்கீலம்மா!" அடியிலிருந்து கோந்தின் குரல் வந்தது. "இன்னொரு தடவை அமுக்குங்க… ம், அப்படியே பிடிங்க. பிடிங்க, பிடிங்க… இப்ப விடுங்க!"

"இது எதுக்குப்பா?"

"பிரேக் பைப்புக்குள்ள காத்து போயிடுச்சுன்னா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். வண்டி நிக்காது. அந்தக் காத்தை வெளியேத்தணும். மேல ஒருத்தர் பெடலை அமுக்கிப் பிடிச்சுக்கணும். கீழ ஒருத்தர் சக்கரத்துக்குப் பின்னாடி இந்த நிப்பிளைத் திறந்து, காத்தும் ஆயிலும் புஸ்ஸுன்னு வந்ததும் மூடணும். மூடின பிறகுதான் மேல இருக்கிறவர் காலை எடுக்கலாம். முந்திக்கிட்டு எடுத்தா திரும்பவும் காத்து உள்ள போயிடும். நான் டாக்ஸி ஓட்டின காலத்துல எங்க மாமாவுக்குப் பெடல் அமுக்கியே என் வலது கால் தடிச்சுப் போச்சு."

"ஒரு ஆளே செய்ய முடியாதா?"

"முடியும். கால் மட்டும் வண்டி நீளத்துக்கு இருக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்த வாயோடு பக்கத்தில் பார்த்தான். கசடு ஆயில் பிடித்த தகர டின் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதிலிருந்து வழிந்த ஆயில் தரையில் பரவி, ஓர் இடத்தில் மட்டும் தோள்பட்டை அகலத்துக்குப் பரவாமல் நின்றிருந்தது. அவன் படுத்திருந்தது அதே இடத்தில். கோந்து தடுமாறிக்கொண்டு வெளியே வந்தான். சட்டையைத் தட்டிக்கொண்டான்.

ஷட்டரின் ஓரமாக நின்ற செத்தவனின் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். மணிக்கட்டு இரண்டிலும் பழைய சூட்டுத் தழும்புகள். கடைகளுக்குச் சரக்கு ஏற்றிப்போகிற இந்த வண்டியைக் கணவன்தான் ஓட்டுவான், அவனேதான் ரிப்பேரும் பார்ப்பான். பிரேக் வேலை என்றால் பெடலை அமுக்குவது எப்போதும் அவள்தான். தெருவுக்கே தெரிந்த விஷயம் அது. போலீஸ் முதலில் ஜாக்கி நழுவியதால் நடந்த விபத்து என்றுதான் நினைத்தது. டின்னையும் நிப்பிளில் மாட்டியிருந்த ஸ்பேனரையும் பார்த்த பிறகு, கூட ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டது. யார் அந்த ஆள் என்று தெருவைக் கேட்டது. தெரு அவள் பக்கம் கையைக் காட்டியது.

அவளைக் காலையில் வக்கீலம்மாவின் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவள் செத்தவனின் அக்கா. தம்பியைப் பறிகொடுத்தவள், தம்பி பெண்டாட்டியின் கையை விடாமல் பிடித்தபடி சொன்னாள்: "இவ அங்க இல்லவே இல்லைங்க. யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க. இவளைக் காப்பாத்திக் கொடுங்க." இப்படி ஒரு நாத்தனாரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கோந்து உருகிப் போனான்.

வக்கீலம்மா சீட்டிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தினார். அது மோதித் திரும்பி வந்தது.

"சும்மா சாத்தினா மூடாதுங்க," என்றாள் மனைவி. "ஓங்கி அறையணும். ஷெட்டுக்குள்ள வேலை செய்யும்போது அவர் மூடவே மாட்டார். பக்கத்து வீட்டு நர்ஸம்மா நைட் டியூட்டி பார்த்துட்டு வந்து பகல்ல தூங்குறவங்க. சத்தம் கேட்டா சண்டைக்கு வந்துடுவாங்க."

"நீ வந்து பார்த்தப்போ?"

"மூடியிருந்துச்சு." அவள் ஷட்டரின் பக்கம் கையைக் காட்டினாள். "வெளி ஷட்டரும் இறக்கியிருந்துச்சு. பூட்டல. வண்டியை எடுத்துட்டு வெளிய போயிட்டார்னு நினைச்சேன். உள்ள இருட்டா இருந்தது. செருப்புக் காலைத்தான் முதல்ல பார்த்தேன்."

வக்கீலம்மா தலையாட்டிவிட்டு, "கோந்து, ஓங்கி ஒரு தடவை சாத்து," என்றார்.

கோந்து இடுப்பால் இடித்து அறைந்தான். வண்டி முழுவதும் ஆடியது. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த ஸ்பேனர்கள் கிணுகிணுவென்று அதிர்ந்தன. இரும்புத் தாங்கியின் மேல் நிற்கும்போதே இந்த ஆட்டம். வெறும் ஜாக்கியின் மேல் நின்றிருந்தால்…

மிச்சத்தை வக்கீலம்மா சொன்னார்.

"கொல்லணும்னு வந்தவன் ஜாக்கியைத் தட்டிவிட்டுப் போயிருப்பான். கதவை ஏன் அறையணும்? இறங்கி, கதவை அறைஞ்சுட்டுப் போறது கோபம் வந்த ஆள் செய்யுற வேலை." மனைவியின் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நீ வேலையிலிருந்து பாதியில கிளம்பிட்டே. சும்மா நடந்துட்டு இருந்தேன்னு போலீஸ்ல சொல்லியிருக்கே. காலையில என்கிட்டயும் அதையேதான் சொன்னே. இப்ப பக்கத்துல யாரும் இல்ல. எங்க போனே?"

அவள் மணிக்கட்டுத் தழும்பைத் தடவினாள்.

"வீடு பார்க்கப் போனேன். பக்கத்து ஊருக்கு. நாங்க தனியாப் போறதா இருந்தோம். எனக்கு அங்க வேற வேலை கிடைச்சிருக்கு. சாமான் ஏத்திட்டு அவ்வளவு தூரம் போகணுமேன்னுதான் அவர் பிரேக்கைப் பிரிச்சார்."

"வீட்டைக் காட்டினது யாரு?"

"வீட்டுக்காரங்க இல்ல. வெளிய நின்னு ஜன்னல் வழியா பார்த்துட்டு வந்துட்டேன். மதில் மேல ஒரு பூனை இருந்தது, அவ்வளவுதான்."

"பூனை சம்மன் வாங்காது," என்றான் கோந்து மெதுவாக.

"இதை ஏம்மா போலீஸ்ல சொல்லல?"

"அண்ணி பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. தாய் இல்லாத பிள்ளையை அவங்கதான் தூக்கி வளர்த்தாங்க. அந்தப் பிள்ளை செத்துக் கிடக்கும்போது, நான் அவரை உங்ககிட்டேருந்து கூட்டிட்டுப் போக இருந்தேன்னு அவங்க முகத்தைப் பார்த்து எப்படிங்க சொல்றது?"

"உன் வீட்டுக்காரர் சொல்லியிருப்பாரா?"

"நானே நேரம் பார்த்துச் சொல்றேன்னார். தினமும் நேரம் பார்த்துட்டேதான் இருந்தார்."

வக்கீலம்மா அவள் தோளைத் தட்டினார். "நீ வீட்டுக்குப் போ. அக்கா வீட்டுலதானே இருக்கே? கொஞ்ச நேரத்துல நாங்களே வர்றோம்."

*

நர்ஸ் கதவைத் திறந்த தோரணையிலேயே அவள் தூக்கம் கெட்டது தெரிந்தது. தலை கலைந்து, கண் சிவந்து, கையில் தலையணையையே பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"போலீசுக்குச் சொல்லியாச்சு. திரும்பத் திரும்ப எத்தனை பேர்தான் வருவீங்க?"

"நாங்க கடைசி," என்றான் கோந்து. "எங்களுக்கு அப்புறம் வர்றவங்க எல்லாம் அதுக்கும் அப்புறம்தான்."

அவள் முறைத்தாள். ஆனால் வழி விட்டாள். அவளுடைய படுக்கை அறை ஷெட்டை ஒட்டி இருந்தது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். மேலே காற்றுக்காக விட்ட ஜாலி ஓட்டை வழியாகப் பிரேக் ஆயில் வாடை இப்போதும் லேசாக வந்தது.

"அன்னைக்குக் கேட்டதை வரிசையா சொல்லுங்க," என்றார் வக்கீலம்மா.

"கண்ணசந்த நேரம். அமுக்கு, பிடி, விடுன்னு ஒரே கத்தல். அமுக்கு, பிடி, விடு. பிள்ளை பெத்துக்கிற வார்டுல கூட அவ்வளவு சத்தம் இருக்காது. சுவத்தைத் தட்டினேன், கேட்கல. அப்புறம் கத்தல் நின்னுச்சு. அவர் மட்டும் ஏதோ தணிஞ்ச குரல்ல பேசிட்டே இருந்தார். என்ன பேச்சுன்னு புரியல. பதில் சத்தம் ஒண்ணும் இல்ல. திடீர்னு படார்னு ஒரு அறை, அதோட டொம்முன்னு ஒரு சத்தம். வண்டிக் கதவும் சாமானுமா போட்டு உடைக்கிறாங்கன்னு நினைச்சேன். தலையணையை எடுத்துக் காதுல அமுக்கிக்கிட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"யாரோ கத்தின மாதிரி இருந்துச்சு. தலையணைக்குள்ள என்ன தெரியும்? அப்புறம் ஷட்டர் கடகடன்னு இறங்குச்சு. நிசப்தம். அப்பாடா, இப்பவாவது தூங்கலாம்னு…"

இதை அவள் போலீசிடமும் சொல்லியிருப்பாள். சொல்லும்போது இந்த இடம் இப்படிச் சுட்டிருக்காது போலும். தலையணையைக் கீழே வைத்தாள்.

"நான் தினமும் பார்க்கிறதே அடிபட்டு வர்ற ஆளுங்களைத்தான். ஒரு சுவர் தள்ளிப் படுத்திருந்தேன். யாராவது கதவைத் தட்டியிருந்தா…"

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று கோந்துக்குத் தோன்றியது. வாயில் வந்ததெல்லாம் வேடிக்கைப் பேச்சாகவே இருந்ததால் விழுங்கிக்கொண்டான்.

வக்கீலம்மா அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். "ஒரே ஒரு உதவி. அவர் எப்படிக் கத்தினாரோ அப்படியே கத்திக் காட்டுங்க."

"அதான் சொன்னேனே. அமுக்கு, பிடி, விடு."

"இது நீங்க சொல்றது. அவர் கத்தினது வேணும். உங்க தூக்கத்தைக் கெடுத்தது எந்தச் சத்தமோ, அந்தச் சத்தம்."

நர்ஸ் கோந்தைப் பார்த்தாள். அவன் மரியாதையாகச் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கண்ணை மூடி, தொண்டையைச் செருமி, ஆண் குரலை வரவழைத்துக்கொண்டு கத்தினாள்.

"அமுக்குங்க! இன்னும் நல்லா அமுக்குங்க… பிடிங்க, பிடிங்க, பிடிங்க… ம், விடுங்க!"

சுவரின் பக்கம் திரும்பியிருந்த கோந்து சட்டென்று இந்தப் பக்கம் திரும்பினான்.

"இதேதான்," என்றாள் நர்ஸ் கண்ணைத் திறந்து. "காதுலயே நிக்குது. ஏன், என்ன ஆச்சு?"

*

வெளியே வெயில் தகித்தது. கோந்து கிட்டத்தட்டத் துள்ளிக்கொண்டு வந்தான்.

"போலீஸ்காரர் எழுதும்போது 'ங்க'வை விட்டுட்டார்! 'அமுக்கு, பிடி, விடு'ன்னு எழுதிக்கிட்டார். எந்தப் புருஷன் பெண்டாட்டியைப் பார்த்து 'அமுக்குங்க'ன்னு சொல்லுவான்? அவ இல்ல வக்கீலம்மா, அவ இல்ல!" நாலு எட்டு நடந்தவன் நின்றான். "ஆனா ஒண்ணு. என் மச்சினன் கோபம் வந்தா பெண்டாட்டிகிட்ட 'வாங்க மகாராணி, உட்காருங்க'ம்பான். நக்கலா சொல்லியிருந்தா?"

"நக்கல் பண்ண முகத்துக்கு நேரா ஆள் வேணும். மல்லாந்து படுத்து, மூஞ்சியில ஆயில் சொட்டும்போது வாயில வர்றது பழக்கம் மட்டும்தான். இப்ப நீ அடியில கிடந்தியே, என்னை என்ன சொல்லிக் கத்தினே?"

கோந்து யோசித்தான். "அமுக்குங்கன்னு."

"யோசிச்சா சொன்னே?"

"இல்ல. தானா வந்தது."

"அவனுக்கும் தானாத்தான் வந்திருக்கும். அவன் மரியாதை கொடுக்கிற ஆள். உரிமையா வண்டியில ஏறி உட்காருன்னு சொல்லக்கூடிய ஆளும்கூட. வழியில போற பெரிய மனுஷனை யாரும் பிடிச்சு உட்கார வைக்க மாட்டாங்க."

"அப்ப சொந்தத்துல பெரியவர்." கோந்து விரலை மடக்கினான். "அப்பா அம்மா இல்ல. மாமனார் மாமியார் இல்ல. மிச்சம் இருக்கிறது அக்கா புருஷன்! மச்சான்தான். பஸ் ஓட்டின ஆள்னு காலையில அந்தம்மா சொன்னாங்களே. பெடல் மிதிக்கிறதுல பழுத்த பழம். வீட்டை விட்டுப் போறேன்னு மச்சினன் சொல்ல, மச்சானுக்குப் பொத்துக்கிட்டு வர, இறங்கி அறைஞ்சிருக்கார்."

"அக்காவை விட்டுட்டியே?"

"அக்காவைப் போய் எவனாவது 'ங்க' போடுவானா? என் அக்காவை நான் 'ஏய்'னுதான் கூப்பிடுவேன். அவளும் என்னை மனுஷப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்ல."

வக்கீலம்மா வேகமாக நடந்தார். அவர் முகத்தில் தடயம் கிடைத்தவரின் களை இல்லை என்பதைக் கோந்து அப்போது கவனிக்கவில்லை.

*

இரண்டு தெரு தள்ளி அக்கா வீடு. முன் அறையில் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை. இடுப்புக்குக் கீழே போர்வை. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம். கோந்து வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"ஐயா, நேரா கேட்கிறேன், நேரா சொல்லுங்க. உங்க மச்சினன் சாகும்போது வண்டியில உட்கார்ந்து பெடலை அமுக்கினது நீங்கதானே?"

மச்சான் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு போர்வையை விலக்கினார். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. நாற்காலிக்குப் பின்னால் இரண்டு ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன.

"அமுக்கியிருப்பேன் தம்பி. கால் ஆஸ்பத்திரியில மாட்டிக்கிச்சு. சர்க்கரை. போன வருஷம் எடுத்தாங்க."

கோந்துக்கு முகம் செத்துப்போயிற்று. "மன்னிச்சுடுங்கய்யா."

"பரவாயில்ல. சந்தேகப்படுறதுக்காவது ஒருத்தர் என்னை முழு ஆளா நினைச்சீங்களே." அவர் சிரித்தார். அழுது வீங்கிய கண்களோடு சிரித்தார். "ஆனா என்னை எப்படிப் பிடிச்சீங்க? அதைச் சொல்லுங்க."

கோந்து சொன்னான். நர்ஸ் கத்திக் காட்டியதையும் சொன்னான். மச்சான் கையை வீசி மறுத்தார்.

"'ங்க'வா? என்னையா? 'யோவ் மச்சான், ஏந்திருய்யா'ம்பான். தூக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டும்போது கூட 'யோவ், ஆடாம இருய்யா'தான். போலீஸ்காரனையே 'என்ன சார், சாப்பிட்டியா'ன்னு கேட்ட பய. அவன் வாயில மரியாதை வந்து நான் பார்த்தது இந்த உலகத்துலயே ஒரே ஒரு…"

அவர் பேச்சு அங்கேயே நின்றது. உள்ளே பாத்திரச் சத்தமும் நின்றிருந்தது.

அக்கா சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். கையில் வந்தவர்களுக்கான தண்ணீர்ச் சொம்பு. முந்தானையால் அதன் அடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுங்க," என்றாள் புருஷனிடம். "ஏன் நிறுத்திட்டீங்க? 'அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா, நீங்க தூங்கினீங்களா'ன்னு என்னைத்தானே கேட்பான்."

வக்கீலம்மா முன்னால் வந்து சொம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"காலையில என் ஆபீஸ்ல, 'இவ செஞ்சிருக்க மாட்டா'ன்னு நீங்க சொல்லல. 'இவ அங்க இல்லவே இல்ல'ன்னு சொன்னீங்க. சொந்தக்காரங்க நம்பிக்கையைச் சொல்லுவாங்க. நீங்க பார்த்ததைச் சொன்னீங்க. அங்க யார் இல்லைன்னு இவ்வளவு உறுதியா சொல்ல, அங்க இருந்த ஆளாலதான் முடியும்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அவனைப் பார்த்துட்டு வரலாம்னு போனேன். 'அக்கா, ஏறி உட்காருங்க, ரெண்டு நிமிஷம் பெடலை அமுக்குங்க'ன்னான். சிரிச்சுட்டே ஏறினேன். அமுக்கச் சொன்னான், அமுக்கினேன். விடச் சொன்னான், விட்டேன். அப்புறம் அடியில இருந்தே பேச ஆரம்பிச்சான். வேற ஊருக்குப் போறோம்னான். பெண்டாட்டி வீடு பார்க்கப் போயிருக்கான்னான். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்ல. வண்டிக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டுச் சொல்றான்."

"நீங்க?"

"நான் பேசவே இல்ல. இவரைத் தூக்கிக் குளிப்பாட்ட இனிமே யாருன்னு நினைச்சேன். அவன் சின்ன வயசுல காய்ச்சல்ல கிடந்தது, என் மடியிலயே தூங்கினது, எல்லாம் சேர்ந்து வந்தது. இறங்கினேன். கதவை அறைஞ்சேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. சத்தியமா அவ்வளவுதான். வண்டி அப்படியே உட்கார்ந்துடுச்சு."

மச்சான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"உயிர் இருந்ததா?" வக்கீலம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது.

அக்கா தலையை அசைத்தாள், ஆமாம் என்று.

"பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் படுத்திருந்தாங்க."

"தெரியும்."

"ஏம்மா தட்டல?"

பதிலுக்காகக் காத்திருந்தபோதுதான் கோந்து அதைப் பார்த்தான். உள்ளறைக் கதவோரத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அக்காவும் அவளைப் பார்த்துவிட்டாள். பதிலை அவளிடமே சொன்னாள்.

"நான் அவன் தலைமாட்டுலதான் நின்னேன். என் கால் அவனுக்குத் தெரியுது. என் பக்கம்தான் பார்க்கிறான். பார்த்துக்கிட்டே உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அக்கான்னு கூப்பிடல. திரும்பத் திரும்ப உன் பேர்தான். எனக்கு என்னமோ ஆச்சு. அதைக் கேட்க வேணாம்னு வெளிய வந்தேன். ஷட்டரை இறக்கிட்டேன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் நான் என்ன செஞ்சிருக்கேன்னே எனக்கு உறைச்சது. திரும்ப ஓடினேன். தெருமுனைக்கு வந்தப்பவே நீ அலறின சத்தம் கேட்டுது."

மனைவி அழவில்லை. தழும்பு விழுந்த கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"என்னைப் பிடிச்சுட்டுப் போவாங்கன்னு தெரிஞ்சும் பேசாம இருந்தீங்க."

"இருக்க முடியலையே! அதனாலதானே உன்னை இவங்ககிட்ட கூட்டிட்டுப் போனேன். உன்னை விட்டுடுவாங்க, யாருன்னு தெரியாமலே போயிடும்னு நினைச்சேன். நாம ரெண்டு பேரும் அவனை நினைச்சுக்கிட்டு இந்த வீட்டுலயே இருந்துடலாம்னு…"

"நானே வர்றேன்," என்று பிறகு அக்கா வக்கீலம்மாவிடம் சொன்னாள். "யாரும் வந்து இழுத்துட்டுப் போக வேணாம்." எழுந்து செருப்பைத் தேடினாள். எதிரிலேயே இருந்த செருப்பு அவள் கண்ணில் படவில்லை. கோந்துதான் குனிந்து எடுத்து வைத்தான்.

"நானும் வர்றேன்," என்றாள் மனைவி.

*

ஸ்டேஷனில் மின்விசிறி கரகரவென்று சுற்றியது. இன்ஸ்பெக்டர் எதிரே அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் மனைவி. வக்கீலம்மா சுவரோரமாக நின்றார். கோந்து வாசலில் நின்றான். அவன் நின்ற இடத்திலிருந்து மனைவியின் முதுகு மட்டும் தெரிந்தது. கம்பி மாதிரி நிமிர்ந்திருந்தது.

அக்கா ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தம்பி ஏறி உட்காரச் சொன்னதை, பெடலை அமுக்கியதை, அடியிலிருந்து அவன் பேசியதை, கதவை அறைந்ததை. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே வந்தார். இந்தத் தடவை அவள் சொன்னபடியே எழுதினார். வண்டி இறங்கிய இடத்துக்கு வந்ததும் அவள் குரல் உடைந்தது.

"அப்புறம்?"

"கத்தினான். நான் பயந்துபோய் ஷட்டரை இறக்கிட்டு வந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் அதையும் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தார். இவ்வளவு வருஷ உத்தியோகத்தில் அவருக்கும் போதும் என்று தோன்றியிருக்க வேண்டும். "சரிம்மா. கையெழுத்துப் போடுங்க," என்று தாளைத் திருப்பி வைத்தார்.

"இல்லைங்க," என்றாள் மனைவி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அக்காவின் பக்கம் திரும்பவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயந்து இறக்கல. அதுவும் இல்லாம, அவர் சும்மா கத்தினார்னு எழுதியிருக்கு. அவர் சும்மா கத்தல. யாரைக் கூப்பிட்டார்னு கேளுங்க. அவங்க வாயால சொல்லட்டும்."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். மனைவி அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, தான் போட்ட கோட்டை அடித்துவிட்டு, பேனாவை மறுபடியும் திறந்தார்.

"சொல்லுங்கம்மா. யாரைக் கூப்பிட்டார்?"